மூலையில் வரும் எச்சரிக்கையும் நண்பன் தந்த டாலியும்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் மன்னார்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அவனுக்காக அவர் வாங்கித் தந்த லேப்டாப்பில் கொஞ்ச நாளாக வலது பக்க மூலையில், "உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் இருக்கிறது, பாதுகாப்பு இன்றோடு முடிகிறது" என்று ஆங்கிலத்தில் பெட்டி பெட்டியாக வருகிறது. மூடினால் திரும்பவும் வருகிறது. போதாததற்கு, காலேஜ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. சர்வீஸ் கடைக்காரர், ஃபார்மேட் செய்து மூன்று வருடத்துக்கு ஆன்டி வைரஸ் போட்டால்தான் சரிவரும் என்கிறார். மகனோ, காசு எதற்கு, டாலி என்ற கணக்கு எழுதும் சாஃப்ட்வேரைக் கொடுத்த நண்பனிடமே கிராக் செய்த (பூட்டை உடைத்து ஓசியில் ஓட்டும்) ஆன்டி வைரஸும் இருக்கிறது என்கிறான். கணவர், நான் பொங்கலுக்கு வரும்போது இங்கிருந்து வாங்கி வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? என் வங்கிக் கணக்கையும் அந்த லேப்டாப்பில்தான் பார்க்கிறேன்.

பதில்:

சகோதரி, மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் சரி இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே ஆன்டி வைரஸை எங்கே வாங்குவது என்பதைத்தான் பேசுகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் ஆன்டி வைரஸ் ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸோடு சேர்த்தே தருகிறது. டிஃபெண்டர் என்று பெயர், தனியாகக் காசு கிடையாது. அது வேலை செய்கிறதா, யாராவது அதை அணைத்துவிட்டார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடிதத்தில் உங்களுக்கு அதிகம் பயம் தந்தது மூலையில் வரும் பெட்டி. என்னைக் கேட்டால் அது வெறும் கொசுத் தொல்லை. எனக்குப் பயம் தந்தவை நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்: "டாலி கொடுத்த நண்பன்", அப்புறம் அந்தக் கடைசி வரி. அதனால் முதலில் வங்கி, மற்றதெல்லாம் அப்புறம்.

இதைப் படித்த கையோடு அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் பார்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் போனை எடுத்து, வீட்டு வைஃபையில் இல்லாமல் சிம்மின் டேட்டாவில், வங்கியின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் அனுப்பும் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஜிமெயில். உங்களுடையது, மகனுடையது இரண்டுக்கும் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றி, கூகுள் கணக்கில் "உங்கள் சாதனங்கள்" என்ற பகுதிக்குப் போய், தெரியாத கம்ப்யூட்டர் எது இருந்தாலும் வெளியேற்றிவிடுங்கள். அந்த லேப்டாப்பையும் சேர்த்து வெளியேற்றுங்கள், சுத்தம் செய்த பிறகு மறுபடி உள்ளே வந்துகொள்ளலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனிலும் ஒரு முறை உறுதி கேட்பது) இயக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். பிரிண்ட் எடுக்கும் கடையில் வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு அப்படியே வந்துவிடும் பிள்ளைகள் நிறைய. கணக்கில் பணம் ஏதாவது குறைந்திருந்தால் கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே போன் செய்யுங்கள். அது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் மடக்குவதுதான் அதன் வேலை, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பதறவைக்க இதைச் சொல்லவில்லை. கிராக் என்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் இத்தனை அவசரம் என்று புரியும்.

நண்பன் தந்த ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே டாலி இருக்கும். கூடவே சின்னதாக ஒரு ஃபைல், பேட்ச் என்றோ ஆக்டிவேட்டர் என்றோ பெயர் இருக்கும். பக்கத்தில் "முதலில் இதைப் படி" என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பின் முதல் வரி அநேகமாக இதுதான்: ஆன்டி வைரஸை அணைத்துவிட்டு ஆரம்பி. பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்பதே இல்லை. கிராக் என்றால் ஆன்டி வைரஸ் சும்மா கத்தும் என்பது காலேஜ் வட்டாரத்தில் ஊறிப்போன நம்பிக்கை. சில நேரம் அது உண்மையும்கூட, அதுதான் சிக்கல். பத்துத் தடவை சும்மா கத்தியது என்று பதினோராவது தடவையும் அணைக்கிறார்கள்.

அந்தச் சின்ன ஃபைலுக்குள் இப்போது அதிகமாக வருவது தகவல் திருடும் நிரல். பழைய வைரஸ் போல இது கம்ப்யூட்டரை மெதுவாக்காது, திரையில் எதுவும் காட்டாது. குரோமில் "சேமிக்கவா?" என்று கேட்டபோது நீங்கள் சரி என்று சொல்லி வைத்த பாஸ்வேர்டுகள், ஒரு தளத்தில் நீங்கள் ஏற்கனவே உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கீகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆதார் நகல், எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி வெளியே அனுப்பிவிட்டு, பல சமயம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். எல்லாம் சில நிமிஷ வேலை. குக்கீ போனால் பாஸ்வேர்டே தேவையில்லை, ஓடிபியும் கேட்காது. ஏற்கனவே உள்ளே இருக்கிற ஆள் மாதிரி நுழைந்துவிடலாம். அந்த லேப்டாப்பையும் தெரியாத கம்ப்யூட்டர்களையும் வெளியேற்றச் சொன்னது அதற்காகத்தான்.

இன்னொரு வகை, ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் குறிவைத்து வந்த ஸ்டாப் என்ற ரகம் முக்கியமாகப் பரவியதே கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை என்று ஆடித் தள்ளுபடி போல ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போகும்.

இங்கே ஒரு பழைய கதை. ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் வைரஸ் என்று சொல்லப்படும் பிரெய்ன், 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதியது. தாங்கள் எழுதி விற்ற மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுத்தவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் வைரஸுக்குள்ளேயே போட்டிருந்தார்கள். ஓசி சாஃப்ட்வேருக்கும் வைரஸுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு. இப்போது எழுதுகிறவர்கள் முகவரி போடுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கில் உங்கள் மகன் சொல்லும் "கிராக் செய்த ஆன்டி வைரஸ்" எவ்வளவு வேடிக்கை என்று பாருங்கள். ஆன்டி வைரஸுக்குக் கம்ப்யூட்டரின் எந்த மூலைக்கும் போகும் உரிமை உண்டு. அந்த உரிமையை யாரோ திருத்திய ஒரு பிரதிக்குக் கொடுப்பதை விட, ஆன்டி வைரஸே இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல். வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி லேப்டாப்புக்கு வருவோம். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்யட்டும், நீங்கள் பாருங்கள்.

ஸ்டார்ட்டில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடினால் கேடயப் படத்தோடு ஒன்று வரும். அதில் "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்". அங்கே வேறு ஏதாவது கம்பெனி பெயர் தெரிந்தால், லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஆன்டி வைரஸ் இன்னும் குடியிருக்கிறது என்று அர்த்தம். புது லேப்டாப்பில் ஒரு மாதமோ ஒரு வருடமோ ஓடும்படி போட்டு அனுப்புவார்கள். வேறொன்று காவலில் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டி வைரஸ் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மல்லுக்கட்டும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. காலாவதியான ட்ரையலை கன்ட்ரோல் பேனல் வழியாக முறையாக நீக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் எழுந்து வேலைக்கு வந்துவிடும்.

அடுத்து "மேனேஜ் செட்டிங்ஸ்". ரியல் டைம், கிளவுட், டாம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். அதே பக்கத்தில் கீழே இறங்கினால் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லி வைக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். கிராக் போட்ட கம்ப்யூட்டர்களில் டாலி ஃபோல்டரோ, டவுன்லோட்ஸோ, சில நேரம் சி டிரைவ் முழுவதுமோ அங்கே இருக்கும். மேலே பச்சை டிக் ஜம்மென்று தெரியும், காவல் மட்டும் நடக்காது. பட்டியலில் இருப்பதையெல்லாம் நீக்கச் சொல்லுங்கள். எது எப்போது வந்தது என்று மகனைக் கேளுங்கள், ஆனால் கத்தாதீர்கள். அவன் உண்மையைச் சொன்னால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

இனி ஸ்கேன். "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" பகுதியில் நான்கைந்து வகை இருக்கும், அதில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ள வழியில்லாத நேரம் அது. கால் மணி நேரம் போல ஆகும். நம் பக்கம் கரண்ட் போவது எப்போது என்று சொல்ல முடியாது, அதனால் சார்ஜ் நிறைய இருக்கும்போது செய்யுங்கள். முடிந்ததும் "புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி"யில் என்ன பிடிபட்டது என்று பார்க்கலாம்.

எக்ஸ்க்ளூஷன்ஸ் காலியாக இருந்து, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லையென்றால் கிராக் டாலியை நீக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். பட்டியலில் ஏதாவது இருந்தாலோ, ட்ரோஜன் (நல்ல ஃபைல் வேஷத்தில் நுழையும் வைரஸ்) என்ற பெயரில் எதுவும் சிக்கினாலோ, கடைக்காரர் சொன்ன ஃபார்மேட்தான் சரி. ஆனால் அவரிடம் போக வேண்டியதில்லை. செட்டிங்ஸில் ரெக்கவரி என்று தேடினால் "ரீசெட் திஸ் பிசி" இருக்கிறது. பாடக் குறிப்புகள், போட்டோக்களை மட்டும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸின் லைசென்ஸ் அந்த மெஷினோடு ஒட்டியது, திரும்பப் போடும்போது தானாகவே வந்துவிடும். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனை சொல்லுங்கள்: இதோடு வந்த விண்டோஸையே போடுங்கள். சில கடைகளில் கைவசம் இருக்கும் பென்டிரைவிலிருந்து ஏதோ ஒரு விண்டோஸைப் போட்டு, ஆக்டிவேட்டரை ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள். காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர், மறுபடி காசு கொடுத்துத் திருட்டு விண்டோஸோடு வீட்டுக்கு வருவார்.

டாலி இல்லாமல் பையன் எப்படிப் படிப்பான் என்று கேட்பீர்கள். டாலிபிரைமை அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கி, லைசென்ஸ் கேட்கும் இடத்தில் எஜுகேஷனல் மோட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இலவசமாகவே ஓடும். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட விடும், முக்கியமான கட்டுப்பாடு அதுதான். தேதியைத் தவிர ஜர்னல், லெட்ஜர், ஜிஎஸ்டி எல்லாம் அதிலேயே பழகலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது தாராளம். எக்ஸெல், வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. காலேஜ் மெயில் ஐடி கொடுத்திருந்தால் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸே இலவசமாகக் கிடைக்க வழி உண்டு, விசாரிக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துருவுக்கும் இதே பேச்சுதான். பாமினி வேண்டும், அது வேண்டும் என்று கண்ட கண்ட தளங்களில் தேடி எதையாவது இறக்கி வைக்கிறார்கள். விண்டோஸிலேயே தமிழ் எழுத்துருவும் கீபோர்டும் இருக்கின்றன.

இப்போது அந்த மூலைப் பெட்டி. அடுத்த முறை வரும்போது மூடாமல் உற்றுப் பாருங்கள். சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி, ஏதாவது பிரபல ஆன்டி வைரஸின் சின்னம் எல்லாம் இருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் "கூகுள் குரோம்" என்றும், அதன் பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருக்கும். உண்மையான டிஃபெண்டர் பேசினால் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்றுதான் இருக்கும், எந்தத் தள முகவரியும் இருக்காது. இந்தப் பெட்டி வைரஸே இல்லை, ஒரு வெப்சைட் குரோம் வழியாக அனுப்பும் நோட்டிபிகேஷன். என்றைக்கோ படம் பார்க்கவோ பழைய கேள்வித்தாள் தேடவோ போனபோது, "அலவ் கொடுத்தால்தான் திறக்கும்" என்று ஒரு பக்கம் கேட்டிருக்கும், உங்கள் பிள்ளை அலவ் கொடுத்திருப்பான்.

அதை அழுத்தினால் எங்கே போகும் தெரியுமா? பல சமயம் உண்மையான ஆன்டி வைரஸ் விற்பனைப் பக்கத்துக்கே போகும். நீங்கள் பயந்து வாங்கினால், பெட்டியை அனுப்பியவனுக்குக் கமிஷன். சில நேரம் "மைக்ரோசாஃப்டுக்கு உடனே போன் செய்" என்று ஒரு நம்பரோடு திரை முழுக்க சைரன் அடிக்கும். அந்த நம்பருக்கு மட்டும் பேசிவிடாதீர்கள். உதவி செய்கிறேன் என்று கம்ப்யூட்டரை அவன் கைக்கு மாற்றிக்கொள்வான்.

நிறுத்துவது சுலபம். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். ஜிமெயில் போலத் தெரிந்த பெயர்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தின் மேலேயே, எந்தத் தளமும் இனிமேல் அனுமதி கேட்கக் கூடாது என்று வைத்துவிடலாம். நான் எல்லோருக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இதே ரகத்தில் 2024-லிருந்து பரவியிருக்கும் ஒரு தந்திரத்தையும் மகனிடம் சொல்லிவையுங்கள், ஏனென்றால் இதில் ஆன்டி வைரஸையும் தாண்டி ஆள் ஏமாறுகிறார். "நான் ரோபோ அல்ல" என்று டிக் செய்யச் சொல்லும் பக்கம் நமக்குப் பழக்கம்தானே. அதேபோல ஒரு பக்கம் வரும். டிக் செய்ததும், சரிபார்க்க விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். நீங்கள் டிக் செய்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் காப்பி செய்து வைத்திருக்கும். மூன்று படியையும் முடித்தால், தகவல் திருடும் அந்த நிரலை உங்கள் கையாலேயே இறக்கி ஓட்டியதாக ஆகும். எந்த உண்மையான தளமும் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் அழுத்தச் சொல்லாது. ரிசல்ட் வரும் நாளில் அவசரத்தில் கிடைத்த லிங்க்கையெல்லாம் திறக்கும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும்.

பென்டிரைவுக்கு வருகிறேன். ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை, பயப்படாதீர்கள். ஷார்ட்கட் புழு என்ன செய்கிறதென்றால், உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்துவிடுகிறது. படத்தின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு இருக்கும் பாருங்கள், அதுதான் அடையாளம். அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே புழுவும் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அதனால் ஷார்ட்கட்டைத் தொடாமல், மேலே "வியூ"வில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் இருக்கும். வேர்டு, பிடிஎஃப், படங்கள் இவற்றை மட்டும் லேப்டாப்புக்குக் காப்பி செய்துகொண்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். புழு லேப்டாப்பிலும் இறங்கிவிட்டதா என்று தெரிய ஒரு வழி: சுத்தமான பென்டிரைவில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிக் கழற்றி, மறுபடி சொருகிப் பாருங்கள். அதுவும் ஷார்ட்கட்டாக மாறினால் லேப்டாப்பும் பிடிபட்டிருக்கிறது, மேலே சொன்ன ஆஃப்லைன் ஸ்கேன் கட்டாயம்.

ஜெராக்ஸ் கடைக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. செமஸ்டர் நேரத்தில் ஒரு நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை பென்டிரைவ் ஏறி இறங்கும்! மேல்மடையில் ஒருத்தர் மருந்தைக் கொட்டினால் கீழ்மடைக்காரர் வயலுக்கும் அது வரத்தான் செய்யும். ப்ராஜெக்டை பிடிஎஃப் ஆக்கி, போனிலிருந்து கடையின் மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள், இப்போது எல்லாக் கடையிலும் அப்படி வாங்கிக்கொள்கிறார்கள். பென்டிரைவ்தான் வேண்டுமென்றால், பிரிண்ட்டுக்கு என்றே ஒன்று தனியாக இருக்கட்டும், வீட்டு ஃபைல் எதுவும் அதில் வேண்டாம்.

அப்படியானால் காசு கொடுத்து ஆன்டி வைரஸ் வாங்குவது வீணா? வீண் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் 1991-லிருந்து இருக்கும் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் நம் நாட்டுக் கம்பெனிகள், நல்ல சரக்குதான். ஆனால் ஆன்டி வைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடும் ஜெர்மனியின் ஏவி டெஸ்ட் போன்ற ஆய்வுக்கூடங்களில், இலவச டிஃபெண்டர் காசு வாங்கும் பலவற்றுக்குச் சமமாகவே மதிப்பெண் வாங்குகிறது. ஒரு மாணவரின் லேப்டாப்புக்கு அதற்கு மேல் செலவு செய்ய எனக்குக் காரணம் தெரியவில்லை. அதையும் மீறி மனசு கேட்கவில்லையென்றால், சீல் உடைக்காத பெட்டியாக, பில்லோடு வாங்கி, உங்கள் மெயிலிலேயே பதிவு செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கடைக்காரர் கீயை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆன்டி வைரஸை விடவும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கக்கூடும். லேப்டாப் எந்த வருடம் வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. செட்டிங்ஸில், சிஸ்டம், அபௌட் என்று போய், விண்டோஸ் 10-ஆ 11-ஆ என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மெஷின் தாங்குமென்றால் 11-க்கு மாற்றுவது இலவசம். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்து தாங்கும், விண்டோஸ் அப்டேட் பக்கமே அதைச் சொல்லிவிடும். தாங்காத மெஷினுக்கு, அதே பக்கத்தில் பாதுகாப்பு நீட்டிப்பில் சேரும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். ஓட்டையை அடைப்பது அப்டேட், உள்ளே வந்தவனைப் பிடிப்பதுதான் ஆன்டி வைரஸ். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைலைப் பூட்டும் வைரஸ் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கியதே, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்.

நம் கிராமங்களில் அப்டேட் தங்கிப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. லேப்டாப்புக்கு நெட் போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வரும். டேட்டா தீரக் கூடாது என்று "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்று வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் விண்டோஸ் பெரிய அப்டேட்டுகளை இறக்காமல் காத்திருக்கும், மாதக்கணக்கில்கூட. வாரத்தில் ஒரு நாள், இரவு பத்து மணிக்கு மேல், அன்றைய டேட்டா எப்படியும் பன்னிரண்டு மணிக்கு வீணாகப் போகும் நேரத்தில், மீட்டர்டை அணைத்துவிட்டு அப்டேட்டை ஓடவிடச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் அடுத்த நாள் இரவு தொடரும்.

மகனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் ஒன்று: லேப்டாப்பில் அவனுக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கும், உங்களிடம் அட்மின் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதைப் போட்டாலும் உங்களைக் கேட்கும். பள்ளிப் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைக்கு, அட்மின் கணக்கும் ஸ்டாண்டர்டு கணக்கும் இரண்டுமே அவன் பெயரிலேயே இருக்கட்டும், தினசரி வேலை ஸ்டாண்டர்டில் நடக்கட்டும். ஒன்றைப் போடும்போது பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருந்தால் ஒரு நொடியாவது யோசிப்பான். நீங்கள் வங்கி வேலையை இனி போனில் உள்ள வங்கி ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் லேப்டாப்பும் குடும்பப் பணமும் தனித்தனியாக இருப்பதுதான் நல்லது.

கடைசியாக உங்கள் கணவருக்கு. அங்கே விற்கும் ஆன்டி வைரஸ் கீ சிலது அந்தந்த நாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்பாடு போட்டிருக்கும், இங்கே வந்து ஆக்டிவேட் ஆகாமல் போகலாம். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி (ஃபைல்களைக் காப்பி எடுத்து வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். 500 ஜிபி போதும், பி.காம். பிள்ளைக்கு அதுவே அதிகம். அது வரும்வரை முக்கியமான குறிப்புகளை கூகுள் டிரைவில் போட்டு வைக்கலாம், 15 ஜிபி இலவசம். எஸ்எஸ்டி வந்ததும் மாதம் இரண்டு தடவை காப்பி எடுத்துவிட்டு, உடனே கழற்றி பீரோவில் வைத்துவிடச் சொல்லுங்கள். மாட்டியே வைத்திருந்தால், ஃபைலைப் பூட்டும் வைரஸ் வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பீரோவிலும் கீழ்த்தட்டு வேண்டாம், மழைக் காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஊர்கள் நம்முடையவை. பத்திரம், பாஸ்புக் இருக்கும் தட்டிலேயே அதுவும் இருக்கட்டும்.